பிரவுசரில் ஆவணம் திறக்கவில்லையா? பிளகின் தேடுவதற்கு முன்

கல்லூரிச் சாலையில் உள்ள ஒரு நெட் சென்டரில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், ஆதார், விசா விண்ணப்பம் என்று காலையிலிருந்து இரவு வரை என் முன்னால் திறக்கும் ஆவணங்களில் பெரும்பாலானவை பிடிஎஃப்தான். அது திறக்காதபோது வருகிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: "அண்ணா, இதுக்கு ஏதோ பிளகின் வேணும்னு காட்டுது, போட்டுக் குடுங்க."

பிளகின், அதாவது பிரவுசரோடு ஒட்டி ஓடும் தனி மென்பொருள், வேண்டியதே இல்லை. பிடிஎஃப் பார்க்கும் கருவி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. குரோமில் 2010 கடைசியிலிருந்தும் ஃபயர்ஃபாக்ஸில் 2013 பிப்ரவரியிலிருந்தும் அது உண்டு. எட்ஜிலும் சஃபாரியிலும் அப்படியே. ஆகவே ஆவணம் திறக்கவில்லை என்றால் கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கிறது: பிரவுசரின் அமைப்பில், கோப்பில், அல்லது கோப்பை அனுப்பும் சர்வரில். எந்த இடம் என்று தெரியாமல் எதையாவது நிறுவினால் இரண்டாவதாக ஒரு கோளாறு சேரும், அவ்வளவுதான்.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். அதே பிரவுசரில் நன்றாகத் திறக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த வேறொரு பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். அப்புறம், தகராறு செய்யும் கோப்பை வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். எல்லா பிடிஎஃப்பும் ஒரே பிரவுசரில் மட்டும் திறக்கவில்லையா? பிரவுசரைப் பாருங்கள். ஒரே ஒரு கோப்பு எந்த பிரவுசரிலும் திறக்கவில்லையா? கோப்பைப் பாருங்கள். ஒரு தளத்திலிருந்து வரும் கோப்புகள் மட்டும் படுத்துகின்றனவா? அந்தத் தளத்தின் சர்வரைச் சந்தேகியுங்கள். இதை முடித்துவிட்டுக் கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: கிளிக் செய்தால் திறக்காமல் டவுன்லோடு ஆகிறது

எல்லா தளத்திலும் இப்படி ஆனால் பிரவுசரின் அமைப்பு மாறியிருக்கிறது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் கண்டென்ட் செட்டிங்ஸ், பிடிஎஃப் டாக்குமெண்ட்ஸ் என்று போனால் இரண்டு தேர்வுகள் இருக்கும்: குரோமிலேயே திற, டவுன்லோடு செய். முதலாவதை வையுங்கள். எட்ஜில் எப்போதும் டவுன்லோடு செய் என்ற பொத்தான் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆஃப் செய்யுங்கள். மெனுக்களின் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் அடிப்பதே சுலபம். ஃபயர்ஃபாக்ஸில் ஜெனரல் பகுதியில் அப்ளிகேஷன்ஸ் என்றொரு பட்டியல் உண்டு. அதில் பிடிஎஃப் வரியில் ஓபன் இன் ஃபயர்ஃபாக்ஸ் என்று வைத்தால் சரி.

டவுன்லோடு மேனேஜர் நிறுவியிருக்கிற கணினி என்றால் அதையும் பார்க்க வேண்டும். அந்த மாதிரி மென்பொருள்கள் சில கோப்பு வகைகளைத் தாமே பிடித்துக்கொள்ளும். அந்த வகைகளின் பட்டியல் அவற்றின் ஆப்ஷன்ஸில் இருக்கும். அதில் பிடிஎஃப் என்ற மூன்றெழுத்தை அழித்தால் போதும், மென்பொருளையே நீக்க வேண்டியதில்லை.

ஒரே தளத்தில் மட்டும் என்றால், சர்வர் சொல்லி அனுப்புகிறது. கோப்போடு கூடவே, இதை இணைப்பாகச் சேமி என்றொரு தலைப்புக் குறிப்பு வரும். அது வந்தால் பிரவுசர் கீழ்ப்படியும். உங்கள் பக்கத்தில் செய்ய எதுவும் இல்லை. டவுன்லோடு ஆன கோப்பை இழுத்து பிரவுசரின் புதிய தாவலில் போடுங்கள், திறந்துவிடும்.

அறிகுறி: ஏற்ற முடியவில்லை, கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்ற செய்தி

குரோம் 'ஃபெயில்டு டு லோடு பிடிஎஃப் டாக்குமெண்ட்' என்று காட்டும். ஃபயர்ஃபாக்ஸ் 'இன்வேலிட் ஆர் கரப்டட்' என்று காட்டும். என்னிடம் வருகிற சிக்கல்களில் நான் அதிகம் பொறுமையோடு உட்கார்ந்து பார்ப்பது இதைத்தான். காரணம், பாதி நேரம் அந்தக் கோப்பு பிடிஎஃப்பே அல்ல.

ஒரு மாணவி தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஹால் டிக்கெட்டைப் பென் டிரைவில் எடுத்து வந்தார். வீட்டில் மூன்று தடவை டவுன்லோடு செய்தும் திறக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று புதிதாக ஒரு ரீடரையும் நிறுவிப் பார்த்திருக்கிறார். நான் முதலில் கோப்பின் அளவைப் பார்த்தேன்: 4 கேபி. புகைப்படமும் கையெழுத்தும் உள்ள ஹால் டிக்கெட் 4 கேபியில் அடங்காது. கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, ஓபன் வித் கொடுத்து, நோட்பேடில் திறந்தேன். முதல் வரியில் கோண அடைப்புக்குறி, ஆச்சரியக்குறி, அப்புறம் டாக்டைப் ஹெச்டிஎம்எல் என்ற சொற்கள். இருபது வரிக்குக் கீழே, உங்கள் செஷன் முடிந்துவிட்டது, மறுபடி லாகின் செய்யவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். அவர் லாகின் செய்துவிட்டு நெடுநேரம் கழித்து டவுன்லோடு பொத்தானை அழுத்தியிருக்கிறார். சர்வர் ஹால் டிக்கெட்டுக்குப் பதிலாக லாகின் பக்கத்தை அனுப்பியிருக்கிறது, அதுவும் பிடிஎஃப் என்ற பெயரிலேயே. மறுபடி லாகின் செய்து உடனே பொத்தானை அழுத்தினோம். 300 கேபிக்கு மேல் ஒரு கோப்பு இறங்கியது, திறந்தது.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். நோட்பேடில் திறந்தால் உண்மையான பிடிஎஃப்பின் முதல் வரியில் சதவீதக் குறி, பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், சிறு கோடு, அப்புறம் 1.4, 1.7 போல ஒரு பதிப்பெண் இருக்கும். அதன்பின் புரியாத குறிகள் கொட்டிக் கிடக்கும், அது இயல்பு. திறந்து பார்த்ததைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள், சேமித்தால் நல்ல கோப்பும் கெட்டுவிடும்.

முதல் இரண்டு எழுத்து பி, கே என்று இருந்தால் அது ஜிப் கோப்பு, அல்லது வேர்டு கோப்பு. வேர்டின் இப்போதைய கோப்பும் உள்ளுக்குள் ஜிப்தான். முதல் வரியில் ஜேஎஃப்ஐஎஃப் என்று தெரிந்தால் அது படம். பெயரின் கடைசியில் பிடிஎஃப் என்பதை ஜேபிஜி என்று மாற்றினால் திறக்கும்.

முதல் வரி சரியாக இருந்தும் திறக்கவில்லையா? கடைசி வரிக்குப் போங்கள். இரண்டு சதவீதக் குறியும் இஓஎஃப் என்ற மூன்றெழுத்தும் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியில் அறுந்த டவுன்லோடு. பிடிஎஃப்பில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் இருக்கும், ஆகவே வால் அறுந்தால் தலையும் பயன்படாது. மறுபடி இறக்குவதே முறை. இறக்க வழியில்லை என்றால் ஒன்று சொல்கிறேன்: அறுந்த அட்டவணையை பிரவுசர்கள் தாமாகவே மறுபடி கட்டப் பார்க்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு விதமாகக் கட்டும். குரோம் மறுத்ததை ஃபயர்ஃபாக்ஸ் திறந்ததுண்டு, தலைகீழாகவும் நடந்ததுண்டு. ஒன்றில் திறந்துவிட்டால் அங்கிருந்தே பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதில் சேவ் அஸ் பிடிஎஃப் என்பதைத் தேர்ந்து புதிய கோப்பாக எடுத்து வையுங்கள்.

அறிகுறி: வெறும் சாம்பல் பக்கம், அல்லது வெள்ளைப் பக்கம்

மேலே கருவிப்பட்டி தெரிகிறது, ஆவணம் இல்லை. முதலில் இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் (பிரவுசருக்குள் நாம் சேர்க்கும் சிறு கூடுதல் கருவி) குறுக்கே நிற்கிறது, ஏனென்றால் நீங்கள் தனியாக அனுமதிக்காத எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள். விளம்பரத் தடுப்பான்களும், கணினியில் அடோபியின் அக்ரோபேட் நிறுவும்போது கூடவே வந்து சேரும் அதன் எக்ஸ்டென்ஷனும் நான் முதலில் பார்ப்பவை. அக்ரோபேட் எக்ஸ்டென்ஷன் ஆனில் இருந்தால் பிடிஎஃப்பைக் குரோமின் சொந்தக் கருவிக்குப் பதில் அதுவே திறக்கும். ஆஃப் செய்தால் பழைய கருவி திரும்பி வரும்.

இன்காக்னிட்டோவிலும் வெறுமைதான் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷனை ஆஃப் செய்து பிரவுசரை மறுபடி தொடங்குங்கள். பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் உள்ள கணினிகளில் இது பல தடவை பலித்திருக்கிறது. பலித்தால் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஆன் செய்துவிடுங்கள், இல்லையென்றால் வீடியோ திணறும்.

ஓர் எக்ஸ்டென்ஷன் இணையத்தில் உள்ள பிடிஎஃப்பைத் திறக்கிறது, கணினியில் இருக்கிற கோப்பை மட்டும் திறக்கவில்லை என்பது தனிக் கதை. எக்ஸ்டென்ஷனின் டீட்டெயில்ஸில் அலோ ஆக்சஸ் டு ஃபைல் யுஆர்எல்ஸ் என்ற பொத்தானை ஆன் செய்தால் தீர்ந்தது.

அறிகுறி: இந்த பிளகினுக்கு ஆதரவில்லை

புதிர்த் துண்டு போன்ற ஒரு படமும் இந்தச் செய்தியும் வந்தால், அந்தப் பக்கம் எழுதப்பட்ட காலம் வேறு என்று அர்த்தம். எக்ஸ்டென்ஷனும் பிளகினும் ஒன்றல்ல. பிளகின் என்பது பிரவுசருக்கு வெளியே தனி மென்பொருளாக ஓடி, பக்கத்தின் நடுவில் ஒரு கட்டத்தை வாங்கிக்கொண்டு அதில் தன் ஆவணத்தை வரைவது. நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் காலத்தில், 1995-ல் வந்த ஏற்பாடு. இருபது வருடம் அது உழைத்தது, ஆனால் கணினியைத் தொடும் உரிமை அதற்கு அளவுக்கு மீறி இருந்தது, வைரஸ்களுக்கும் அதுவே வாசலானது. குரோம் 2015 செப்டம்பரில் அந்த வாசலை மூடியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில், அசைபடமும் விளையாட்டும் காட்டிய ஃப்ளாஷ் என்ற பிளகினைத் தவிர மற்றவற்றை நீக்கியது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷுக்கான ஆதரவையும் அடோபி நிறுத்தியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 விடைபெற்றது 2022 ஜூன் 15-ல்.

ஆகவே இந்த அறிகுறிக்கு எந்த பிளகினையும் தேடாதீர்கள். தேடினால் கிடைக்கும், அதுதான் ஆபத்து. 'உங்கள் டாக்குமெண்ட் வியூவர் பழையது, இங்கே அழுத்திப் புதுப்பிக்கவும்' என்று பக்கத்தின் நடுவில் ஒரு பொத்தான் மின்னும். எந்த நேர்மையான பக்கமும் அப்படிக் கேட்காது. பார்க்கும் கருவி பிரவுசரின் உறுப்பு என்பதால் அது புதுப்பிக்கப்படுவது பிரவுசரோடு சேர்ந்துதான்: மெனுவில் ஹெல்ப், அபவுட் என்று போனால் தானே புதுப்பித்துக்கொள்ளும். இதைத் தள்ளிப் போடாதீர்கள். 2024 மே மாதம் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 126-ல், பிடிஎஃப்பின் எழுத்துருவுக்குள் நிரலை ஒளித்து ஓடவைக்க இடம்கொடுத்த ஓர் ஓட்டை அடைக்கப்பட்டது. பழைய பதிப்பிலேயே இருப்பவருக்கு அந்த ஓட்டை இன்னமும் திறந்துதான் இருக்கிறது.

அப்படியானால் பழைய ஆவணத்தை எப்படிப் பார்ப்பது? அது என்ன வகை என்பதைப் பொறுத்தது.

பழைய புத்தகங்களைத் தேடுகிறவர்கள் டேஜாவூ என்ற வகையில் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் யான் லெகுன், லியோன் போட்டூ, பாட்ரிக் ஹாஃப்னர் முதலானோர் 1990-களின் பிற்பகுதியில் உருவாக்கியது. ஸ்கேன் செய்த பக்கத்தில் எழுத்தை ஓர் அடுக்காகவும் பழுப்பேறிய தாளை இன்னோர் அடுக்காகவும் பிரித்து, எழுத்தைக் கூர்மையாகவும் தாளை மங்கலாகவும் சுருக்கிவைக்கும். அருமையான யோசனை, புத்தகக் கோப்பு அவ்வளவு சின்னதாகிவிடும். ஆனால் எந்த பிரவுசரும் அதைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை, பிளகின் போனதும் அனாதையானது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகமும் 2016-ல் புதிய டேஜாவூ கோப்புகள் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. இப்போது கோப்பை இறக்கி, விண்டோஸில் சுமத்ரா பிடிஎஃப் அல்லது வின்டேஜாவ்யூ, லினக்ஸில் ஆக்யுலர் அல்லது எவின்ஸ் கொண்டு திறக்கலாம். எல்லாம் இலவசம்.

டிஃப் வகைப் படமாக ஸ்கேன் செய்த பக்கங்களும் இப்படித்தான். சஃபாரி காட்டும், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் காட்டாமல் டவுன்லோடு செய்யும். விண்டோஸின் படம் பார்க்கும் செயலியில் திறந்துகொள்ளுங்கள். ஒரே கோப்புக்குள் பல பக்கம் இருக்கலாம், முதல் பக்கத்தோடு முடிந்தது என்று மூடிவிடாதீர்கள்.

அலுவலகத்தில் உள்ள பழைய தளம், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் நடக்கவே நடக்காது என்றால், எட்ஜில் ஐஇ மோட் இருக்கிறது. செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் பகுதியில் அனுமதித்து, அந்தத் தளத்தை மட்டும் பட்டியலில் சேருங்கள். 2029 வரையாவது அதற்கு ஆதரவு தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. வெளித் தளங்களுக்கு அந்த மோடைப் பயன்படுத்த வேண்டாம்.

அறிகுறி: 'பிளீஸ் வெயிட்' என்று வந்து அப்படியே நிற்கிறது

இதில் வீணாகும் நேரத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். எவ்வளவு காத்திருந்தாலும் அது மாறாது. அந்தக் கோப்பில் உண்மையான பக்கமே அந்த ஒன்றுதான். எக்ஸ்எஃப்ஏ என்ற முறையில் செய்த படிவம் அது: வெளியே பிடிஎஃப் உறை, உள்ளே எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதிய படிவம். எக்ஸ்எஃப்ஏ தெரிந்த கருவி உள்ளே இருப்பதைக் காட்டும். தெரியாத கருவி உறையின் மேல் எழுதியிருப்பதைக் காட்டும், அதுதான் அந்த 'பிளீஸ் வெயிட்'. 2017-ல் வந்த பிடிஎஃப் 2.0 தரநிலையே இந்த முறையைக் கைவிட்டுவிட்டது, ஆனாலும் படிவங்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

எங்கள் சென்டரில் இது வருவது பெரும்பாலும் கனடா விண்ணப்பங்களோடு. பார்வையாளர் விசாவுக்கான ஐஎம்எம் 5257, படிப்பு அனுமதிக்கான ஐஎம்எம் 1294 இரண்டும் இந்த வகை. மகளைப் பார்க்கப் போகிற பெற்றோர், சேர்க்கை கிடைத்த மாணவர் என்று யார் வந்தாலும் செய்வது ஒன்றுதான். இணைப்பை நேராகக் கிளிக் செய்யாமல் வலது கிளிக் செய்து சேவ் லிங்க் அஸ் கொடுத்துக் கணினியில் இறக்குங்கள். கணினியில் அடோபி ரீடர் இருக்க வேண்டும், அதை அடோபியின் தளத்திலிருந்தே எடுங்கள். இறங்கிய கோப்பை இரட்டை கிளிக் செய்தால் விண்டோஸ் அதை எட்ஜில் திறந்து மறுபடி 'பிளீஸ் வெயிட்' காட்டிவிடும். ஆகவே வலது கிளிக், ஓபன் வித், அடோபி. நிரப்பி முடித்ததும் படிவத்தில் உள்ள வேலிடேட் பொத்தானை அழுத்துங்கள். விட்டுப்போன கட்டங்களைச் சிவப்பில் காட்டும். எல்லாம் சரியென்றால் பார்கோடு பக்கம் உருவாகும். அதற்குமுன் சேவ் அஸ் பிடிஎஃப் என்று பிரிண்ட் வழியாகச் சேமித்தால் உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் போய்விடும், வெறும் படம்தான் மிஞ்சும். போனில் இதை முயல வேண்டாம்.

ஃபயர்ஃபாக்ஸ் 2021 அக்டோபரில் வந்த 93-வது பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்ஏ படிவங்களைக் காட்டுகிறது. உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று படித்துப் பார்க்க அது போதும். வேலிடேட் செய்து அனுப்புவதற்கு நான் அடோபி ரீடரைத்தான் நம்புகிறேன்.

அறிகுறி: தமிழ் எழுத்து சிதைகிறது, அல்லது தேடினால் கிடைப்பதில்லை

இது நம்முடைய சிக்கல். மூன்று விதமாக வரும், மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒன்று, திரையிலேயே கட்டம் கட்டமாகவோ ஆங்கிலக் குறிகளாகவோ தெரிவது. கோப்பைச் செய்தவர் எழுத்துருவைக் கோப்புக்குள் பொதிக்கவில்லை. அடோபி ரீடரில் டாக்குமெண்ட் பிராப்பர்ட்டீஸ் திறந்து ஃபான்ட்ஸ் தாவலைப் பாருங்கள்: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எம்பெடட் என்று இருக்க வேண்டும். இல்லாத எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு அதைக் கணினியில் நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். கோப்பை அனுப்பியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், பொதித்து மறுபடி அனுப்பச் சொல்வதே மேல். ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் சிதைந்தால், செட்டிங்ஸில் ஃபான்ட்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், பக்கங்கள் தம் எழுத்துருவைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரே எழுத்துருவைக் கட்டாயமாக்கி வைத்தவர்கள் அந்த டிக்கை எடுத்திருப்பார்கள். எடுத்தால் பிடிஎஃப்புக்குள் பொதிந்த எழுத்துருவும் வேலை செய்யாது.

இரண்டு, திரையில் அழகாகத் தெரிகிறது, காப்பி செய்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பை. கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில விசையின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தன. பாமினியில் அடித்த 'அம்மா'வை ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகள் வரும். இதை யூனிகோடுக்கு, அதாவது இப்போது எல்லாக் கணினிகளும் பயன்படுத்தும் பொது எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றும் மாற்றிகள் இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று மேலே சொன்ன தாவலில் பார்த்து, அதற்கான மாற்றியில் போட்டால் நல்ல தமிழ் கிடைக்கும்.

மூன்று, ஒட்டினால் தமிழ்தான் வருகிறது, ஆனால் 'சென்னை' என்பது 'ெசன்ைன' என்று வருகிறது. பிடிஎஃப் எழுத்தைச் சேமிப்பதில்லை, வடிவத்தைச் சேமிக்கிறது. நம் கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு முதலில், ச அப்புறம். யூனிகோடில் ச முதலில், கொம்பு அப்புறம். எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் குறிப்பைச் சரியாகச் சேர்க்காத மென்பொருள், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொட்டிவிடும். அதனால் கண்ட்ரோல் எஃப் போட்டு 'சென்னை' என்று தேடினால், பக்கத்துக்குப் பத்து இடத்தில் இருந்தாலும் இல்லை என்று சொல்லும். பட்டியலில் தன் பெயர் இல்லை என்று பதறிய ஒருவருக்கு அவர் பெயரை அதே பட்டியலில் நான் கண்ணால் தேடிக் காட்டியிருக்கிறேன்.

இங்கே ஒரு வழி இருக்கிறது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் வராத துண்டைத் தேடுங்கள். 'திருநெல்வேலி' வேண்டும் என்றால் 'திரு' என்று மட்டும் அடியுங்கள். அல்லது அந்த ஆவணத்திலேயே ஓர் இடத்தில் சொல்லைக் கண்ணால் கண்டு, காப்பி செய்து, அந்தச் சிதைந்த வடிவத்தையே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். மற்ற இடங்களையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடும்.

தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி, ஓபன் வித் கூகுள் டாக்ஸ் கொடுத்தால் தமிழை ஓரளவு நன்றாகவே படித்துத் தரும். கோப்பை 2 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றக் கூடாத ஆவணம் என்றால் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளைத் தமிழ்த் தரவோடு கணினியிலேயே ஓட்டலாம்.

அறிகுறி: பாஸ்வேர்டை ஏற்கவில்லை, கையொப்பத்தில் கேள்விக்குறி

இணைய ஆதாரின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. இனிஷியல் உள்ளவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஆதாரில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே எண்ண வேண்டும், புள்ளியும் ஓர் எழுத்து, இடைவெளி மட்டும் கணக்கில்லை. பி. குமார் என்று பெயர் இருந்து 1990-ல் பிறந்திருந்தால் பி, புள்ளி, கே, யு, அப்புறம் 1990. பெயரே மூன்றெழுத்து என்றால் அந்த மூன்றும் ஆண்டும்.

திறந்த பிறகு கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியும் 'வேலிடிட்டி அன்னோன்' என்ற சொல்லும் இருப்பதைப் பார்த்துப் போலி ஆவணமோ என்று பயப்பட வேண்டாம். குரோம் கையொப்பத்தைச் சரிபார்ப்பதில்லை. கணினியில் அடோபி ரீடரில் திறந்து, கையொப்பத்தின் மேல் வலது கிளிக் செய்து வேலிடேட் சிக்னேச்சர், அப்புறம் சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ் போங்கள். ஷோ சைனர்ஸ் சர்ட்டிஃபிகேட்டில் ட்ரஸ்ட் தாவலில் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி வேலிடேட் கொடுத்தால் பச்சை டிக் வரும். பச்சை டிக்கோடு தாளில் வேண்டும் என்றால் அங்கிருந்தே பிரிண்ட் எடுங்கள். அந்த ஆவணம் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நீங்களே இறக்கியதாக இருந்தால் மட்டும் நம்பிக்கைப் பட்டியலில் சேருங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததற்கு இதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: திரையில் சரி, தாளில் தவறு

எழுத்து தாளில் சிதைந்தால் குரோமின் பிரிண்ட் சாளரத்தில் மோர் செட்டிங்ஸ் திறந்து பிரிண்ட் அஸ் இமேஜ் என்பதை டிக் செய்யுங்கள். தமிழ் எழுத்துருவோடு மல்லுக்கட்டும் பழைய பிரிண்டர்களுக்கு இது போதும். பார்கோடு உள்ள படிவமானால் ஸ்கேல் என்ற இடத்தில் ஃபிட் டு பேப்பரை விட்டு 100 என்று வையுங்கள். நிரப்பிய படிவம் சேமித்தபின் வெறுமையாகத் திறந்தால், குரோமின் டவுன்லோடு பொத்தானை அழுத்தும்போது வரும் இரண்டு தேர்வில் மாற்றங்களோடு என்பதைத் தேர்ந்திருக்க மாட்டீர்கள்.

அறிகுறி: நான் நடத்தும் தளத்தில் ஆவணம் தெரியவில்லை

பள்ளிக்கோ சங்கத்துக்கோ தளம் நடத்துகிறவர்களுக்கு இது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் தாவலில் அந்தக் கோப்பின் வரியைப் பாருங்கள். கண்டென்ட் டைப் என்ற இடத்தில் அப்ளிகேஷன், சாய்கோடு, பிடிஎஃப் என்று இருக்க வேண்டும். ஆக்டெட் ஸ்ட்ரீம் என்று இருந்தால் சர்வர் அமைப்பை மாற்றுங்கள். பக்கம் எச்டிடிபிஎஸ்ஸிலும் ஆவணம் எச்டிடிபியிலும் இருந்தால் பிரவுசர் தடுத்துவிடும். பக்கத்துக்குள் ஆவணத்தைப் பதிக்கும் சட்டமான ஐஃப்ரேமுக்கு, உள்ளே இருப்பதைக் கட்டுப்படுத்தும் சேண்ட்பாக்ஸ் பண்பு கொடுத்திருந்தால் குரோம் அதற்குள் பிடிஎஃப்பைக் காட்டாது, அந்தப் பண்பை நீக்க வேண்டும். வேர்டு கோப்பை எந்த பிரவுசரும் நேரே காட்டுவதில்லை. கூகுள், மைக்ரோசாஃப்ட் பார்வைக் கருவிகள் வழியாகக் காட்டினால் அந்தக் கோப்பு லாகின் இல்லாமல் எவருக்கும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெறுமைதான் வரும். மாணவர் விவரம் உள்ள கோப்பை அதற்காகப் பொதுவில் வைத்துவிடாதீர்கள். பிடிஎஃப்பாக மாற்றி, எழுத்துருவைப் பொதித்து, லாகினுக்குப் பின்னால் வையுங்கள். வாசிக்கிறவரின் பிரவுசரில் அதற்கு வேண்டிய கருவி ஏற்கெனவே இருக்கிறது.